ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம்: செவ்விலக்கிய ஆண்டு முடிந்தது

நூலேணி

நேற்று இரவு டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். தொடங்கியது ஜனவரி 1. ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம், எவ்வளவு ஆசை இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. மொத்தம் 361 அத்தியாயங்கள் (சில பதிப்புகளில் பிரித்த விதம் வேறு, எண்ணிக்கை சற்று மாறும்). காய்ச்சலில் படுத்திருந்த நான்கு நாட்களையும் சேர்த்தால் ஆண்டு சரியாக நிரம்பிவிட்டது.

அதோடு, மாலையில் படிக்க வேறு எட்டு நூல்கள் வைத்திருந்தேன். ஒடிஸி, சிலப்பதிகாரம், டான் குவிக்ஸோட், குற்றமும் தண்டனையும், மோபி டிக், மிடில்மார்ச், கெஞ்சியின் கதை, தாந்தேயின் டிவைன் காமெடி. இதில் ஏழு முடிந்தன. தாந்தேயை முதல் பகுதியான நரகத்தின் 34 பாடல்களோடு நிறுத்திவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு.

இங்கே பலர் புத்தாண்டுக்கு இதுபோல ஏதாவது தொடங்க நினைப்பீர்கள். அதனால் எனக்குக் கிடைத்த முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்தப் பெரிய நாவல்களில் பலவும் ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. மிடில்மார்ச் 1871 டிசம்பரிலிருந்து 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக வந்தது. குற்றமும் தண்டனையும் 1866-இல் ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்தது. போரும் அமைதியும் நாவலின் தொடக்கப் பகுதிகளும் அதே பத்திரிகையில்தான் 1865-இல் வெளிவரத் தொடங்கின. அந்தக் கால வாசகர் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் வைத்துத்தான் கதை நெய்யப்பட்டிருக்கிறது. நாம் அதை மூன்று வாரத்தில் விழுங்கப் பார்த்துவிட்டு, 'இழுவை' என்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். போரும் அமைதியும் நாவலின் முதல் பாகத்தின் முடிவுப் பகுதியில், ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் இளவரசர் ஆந்திரேய் அடிபட்டு மல்லாந்து விழுகிறார். மேலே வானம் மட்டும் தெரிகிறது. அன்றைய அத்தியாயம் அத்தோடு முடிந்தது. மறுநாள் திறந்தால் கதை நிகொலாய் ரஸ்தோவிடம் போய்விட்டது. அதற்கடுத்த நாளும் அவன்தான். மூன்றாம் நாள்தான் ஆந்திரேய் உயிரோடு கிடக்கிறார் என்று தெரிந்தது. கல்லூரி நாட்களில் இதே நாவலைப் பாதி வரை படித்திருக்கிறேன். அப்போது அந்த இரண்டு அத்தியாயங்களை அரை மணி நேரத்தில் கடந்திருப்பேன், அப்படி ஓர் இடைவெளி இருந்ததே நினைவில் இல்லை. இந்த முறை மூன்று நாள் வேலை செய்தபடியே, சமைத்தபடியே அவர் அந்த மேட்டில் கிடந்தார்.

அப்புறம் வீட்டுக்குக் கடிதம் வருகிறது. உயிரோடிருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை என்று. அப்பா, மகன் போய்விட்டான் என்றே முடிவு கட்டுகிறார். தங்கை மரியா மட்டும் நம்ப மறுக்கிறாள். மனைவிக்குப் பிரசவ வலி கண்ட இரவில் அவர் வந்து நிற்கிறார். போர்க்களத்துக்கும் இந்த இரவுக்கும் நடுவே எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஓடியிருந்தது. கதவு திறந்தபோது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசிப் பன்னிரண்டு நாட்கள் கடினமாக இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பின்னுரையின் 12 அத்தியாயங்களில் கதை கிடையாது, வரலாற்றை நகர்த்துவது எது என்ற வாதம் மட்டும்தான். டால்ஸ்டாயே 1873 பதிப்பில் இந்தத் தத்துவப் பகுதிகளைத் தனியே எடுத்துப் பின்னிணைப்பாக வைத்தார். எனக்கு அவை பிடித்திருந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாளுக்கு நான்கு பக்கம் என்ற அளவில் தாங்க முடிந்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கடல்முள்

வாழ்த்துகள் அக்கா! ஜனவரியில் நீங்கள் தொடங்கியதாக எழுதியபோது நானும் கூடவே தொடங்கினேன். மார்ச்சில் விட்டுவிட்டேன். ஆஸ்டர்லிட்ஸ் வரைக்கும்கூட வரவில்லை.

மோபி டிக் பற்றி ஒரு கேள்வி. 135 அத்தியாயங்களில் பாதி திமிங்கில வகைகள், கொழுப்பு உருக்கும் முறை, கயிறு, ஈட்டி என்றே போகிறது. 32-ஆம் அத்தியாயத்தில் திமிங்கிலங்களைப் புத்தக அளவுகளைப் போலப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று வகுத்துக்கொண்டே போவார். நான் அங்கேயே களைத்துப்போய், அதற்குப் பிறகு கப்பல் தலைவன் ஏகாப் வரும் அத்தியாயங்களை மட்டும் தேடிப் படித்து முடித்தேன். கதை புரிந்தது. உண்மையில் எதையாவது இழந்தேனா? பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம் என்று சொல்வது தவறா?

நூலேணி

தவறு என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் இழந்திருக்கிறீர்கள்.

60-ஆம் அத்தியாயம் முழுக்க ஒரு கயிற்றைப் பற்றியது. ஈட்டியோடு கட்டிய கயிறு படகுக்குள் எப்படிச் சுருட்டி வைக்கப்படுகிறது, திமிங்கிலம் பாயும்போது துடுப்புப் போடுகிறவர்களின் உடம்பை ஒட்டி எப்படிச் சீறிக்கொண்டு ஓடுகிறது, அதில் ஒரு சுருக்கு விழுந்தால் மனிதன் எப்படிக் கணத்தில் காணாமல் போவான் என்று பொறுமையாக விளக்குவார். படிக்கும்போது ஏதோ தொழில் கையேடு போல இருக்கும். பிறகு கடைசி அத்தியாயத்தில் ஏகாப்பின் கழுத்தில் விழுவது அதே கயிறுதான். அந்த மரணம் இரண்டு மூன்று வரிதான், விளக்கமே இல்லை. விளக்கம் எழுபத்தைந்து அத்தியாயம் முன்பே முடிந்துவிட்டது. 60-ஐப் படிக்காதவருக்கு அது ஒரு விபத்தாகத்தான் தெரியும்.

ஈட்டி எறியும் க்வீக்வெக்கின் சவப்பெட்டியும் அப்படித்தான். நோயில் படுத்தவன் தனக்கென்று செய்யச் சொன்ன பெட்டி, அவன் பிழைத்த பிறகு அவன் துணிமணி வைக்கும் பெட்டியாகிறது, அப்புறம் கப்பலின் உயிர்காப்பு மிதவையாக மாற்றப்படுகிறது, கடைசியில் கதைசொல்லி இஷ்மயில் அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கிறான். 1851-இல் இங்கிலாந்தில் வந்த முதல் பதிப்பில் இஷ்மயில் பிழைக்கும் அந்தப் பின்னுரையே விடுபட்டுப் போயிருந்தது. கப்பலோடு எல்லாரும் மூழ்கிவிட்டால் கதையை யார் சொல்வது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். ஒரு பக்கம் விடுபட்டதற்கே அந்த நிலை.

ஏட்டுவரி

இந்த இடத்தில் சிலம்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நூலேணி படித்த பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஏனோ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மூன்றாவது காதையான அரங்கேற்று காதை, சிலம்பின் கயிற்று அத்தியாயம். கண்ணகி கோவலன் திருமணம், புதுமண வாழ்க்கை என்று கதை ஓடிவந்து, சட்டென்று நின்றுவிடும். ஆடலாசான் எப்படி இருக்க வேண்டும், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் இலக்கணம் வரும். பிறகு அரங்கின் அளவு. அளக்கும் கோல் 24 விரல் நீளம், அந்தக் கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. தூண்களின் நிழல் அவைமேல் விழாதபடி விளக்கு வைப்பது வரை சொல்லப்படும். மாணவர்கள் எல்லாரும் தாண்டிவிடும் இடம் இது. நானும் முதல் இரண்டு வாசிப்பில் தாண்டியவன்தான்.

மூன்றாம் முறை ஓர் உரையை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அந்த அரங்கில் ஏறுகிறாள் மாதவி. இத்தனை ஆசிரியர்களின் வித்தையும் அந்த ஒரு பெண்ணின் உடம்பில் வந்து சேருகிறது. தலைக்கோல் பெறுகிறாள், 1008 கழஞ்சுப் பொன் பரிசு பெறுகிறாள். அதே விலைக்கு அவள் மாலை விற்கப்படுகிறது, கோவலன் வாங்குகிறான். காதையின் கடைசி வரிகளில்தான் அவன் வருகிறான், வந்தவுடன் வீட்டை மறந்துவிடுகிறான். முன்னால் இருக்கும் நூற்றைம்பது வரிகளையும் தாண்டியவனுக்கு அவன் வெறும் பெண்பித்தன். படித்தவனுக்கு, எதைப் பார்த்து மயங்கினான் என்பது தெரியும். கண்ணகிக்கு நடந்த அநீதி அதனால் குறைந்துவிடவில்லை. இன்னும் கனக்கிறது.

நூலேணி

சிலம்பை எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பதுதான். மொத்தம் 30 காதைகள், நான் ஒரு மாதத்தில் நாளுக்கு ஒன்றாக முடித்தேன். அரங்கேற்று காதையை நானும் அரைகுறையாகத்தான் கடந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை மறுபடி எடுத்தேன். நன்றி.

பின்னிரவு

மாற்றுக் கருத்து ஒன்று. யாரையும் புண்படுத்த அல்ல.

வாசிப்பைச் சவாலாக மாற்றுவதில் எனக்கு ஆழமான தயக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் ஆண்டுக்கு ஐம்பது நூல்கள் என்று கணக்கு வைத்தேன். மூன்றாம் ஆண்டில் கவனித்தேன், நூலைத் தேர்ந்தெடுக்கும்போது பக்க எண்ணிக்கையை முதலில் பார்க்கிறேன். அன்னா கரீனினாவை 'இதற்குள் மூன்று நூல் முடிக்கலாமே' என்று தள்ளி வைத்தேன். டிசம்பரில் எண்ணிக்கை குறைகிறது என்று மெலிந்த நூல்களாகத் தேடினேன். அவற்றில் ஒன்றின் பெயர்கூட இன்று நினைவில்லை.

செவ்விலக்கியத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மனம் ஒப்பாத வயதில், ஒப்பாத மாதத்தில், அட்டவணைக்காகப் படித்த பெரிய நூல் நமக்கு நிரந்தரமாகக் கெட்டுவிடுகிறது. 'படித்தாயிற்று' என்று முத்திரை விழுந்துவிட்டால் மறுபடி அதைத் திறப்பது அரிது. எனக்குப் பதினெட்டு வயதில் மேடம் பொவாரி அப்படித்தான் போனது. நாற்பதில் தற்செயலாகத் திறந்தபோது, இத்தனை ஆண்டு இதை இழந்திருக்கிறேனே என்று அழுகை வந்தது.

தாழ்வாரம்

பின்னிரவு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நூலேணி செய்தது எண்ணிக்கைச் சவால் அல்ல. இது நேர்மாறானது. 'இதற்கு மேல் படிக்கக்கூடாது' என்ற வரம்பு இது. எண்ணிக்கைச் சவால் வாசகனை முன்னால் தள்ளுகிறது, இது பின்னால் இழுத்துப் பிடிக்கிறது.

தொடர்கதை விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழிலும் தொடக்க கால நாவல்கள் சில அப்படி வந்தவைதான். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893-இலிருந்து விவேக சிந்தாமணியில் தொடராக வந்த பிறகுதான் நூலானது. தவணை முறையில் படிப்பது நமக்குப் புதிதல்ல. மறந்துபோன பழக்கம், அவ்வளவுதான்.

நூலேணி

பின்னிரவு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 'படித்தாயிற்று' என்ற முத்திரை பற்றிய பயம் எனக்கும் உண்டு.

ஜனவரி, பிப்ரவரியில் நானும் கணக்குப் பிள்ளையாகத்தான் இருந்தேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு, பாத்திரங்களின் வம்சாவளிப் படம், மேற்கோள் பட்டியல். மே மாதம் மிடில்மார்ச் படித்தேன். அதில் கசோபன் என்றொரு அறிஞர் வருகிறார். உலகத்துத் தொன்மங்களுக்கெல்லாம் திறவுகோல் ஒன்றை எழுதப்போவதாகச் சொல்லி வாழ்நாள் முழுக்கக் குறிப்புகளாகவே சேர்க்கிறார். நூல் எழுதப்படவே இல்லை. தான் இறந்த பிறகும் அந்த வேலையை இளம் மனைவி டோரத்தியா தொடர வேண்டும் என்று வாக்குறுதி கேட்கிறார். அந்த இரவில் அவள் படும் பாட்டைப் படித்துவிட்டு என் நோட்டை மூடி வைத்தேன். அதன் பிறகு நாளுக்கு ஒரே ஒரு வரி மட்டும். பல நாட்களில் அந்த வரி நூலைப் பற்றியதாகக்கூட இல்லை. போரும் அமைதியும் படித்த ஒரு நாள் 'இன்று மழை, நத்தாஷா நடனமாடினாள்' என்று எழுதியிருக்கிறேன். இப்போது புரட்டினால் அந்த ஒரு வரியில் அத்தியாயம் முழுதும் திரும்ப வருகிறது. பக்கம் பக்கமாக எழுதிய ஜனவரிக் குறிப்புகளில் ஒன்றும் வரவில்லை.

புதுஏடு

வணக்கம். இதுவரை செவ்விலக்கியம் என்று எதையும் முழுதாகப் படித்ததில்லை. குற்றமும் தண்டனையும் நாவலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் ஐம்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். பெயர்கள்தான் பிரச்சினை. ஒரே ஆளை ஒருவர் ரஸ்கோல்நிகோவ் என்கிறார், ஒருவர் ரோதியோன் ரொமானோவிச் என்கிறார், அம்மா ரோத்யா என்கிறார். யார் யார் என்றே பிடிபடவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா? முதல் ஆண்டுக்கு எதை எடுக்கலாம்?

சாளரம்

புதுஏடு, இது எல்லாருக்கும் வரும் சிக்கல். ஒரு முறை விளங்கிவிட்டால் ரஷ்ய நாவல் முழுவதும் திறந்துகொள்ளும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரஷ்யப் பெயரில் மூன்று துண்டு. சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வந்த பெயர், குடும்பப் பெயர். நம்மில் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம் அல்லவா, அவர்கள் தந்தை பெயரை முழுதாக நடுவில் வைக்கிறார்கள். ஆணுக்கு 'ஓவிச்' அல்லது 'எவிச்', பெண்ணுக்கு 'ஓவ்னா' அல்லது 'எவ்னா' என்று முடியும். ரோதியோன் ரொமானோவிச் என்றால் ரொமானின் மகன் ரோதியோன். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா, அதே ரொமானின் மகள். இப்போது இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது. சோஃபியா செம்யோனோவ்னா என்றால் செம்யோனின் மகள், அதாவது குடிகார மர்மெலாதோவின் மகள்.

யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் உறவு இருக்கிறது. சொந்தப் பெயரும் தந்தை பெயரும் சேர்த்துச் சொன்னால் மரியாதை. நாம் 'நீங்கள்' போடுவது மாதிரி. ரோத்யா (ரோதியோன்), துன்யா (அவ்தோத்யா), சோன்யா (சோஃபியா) எல்லாம் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர்கள். ஆகவே ஒரு பாத்திரம் திடீரென்று அழைக்கும் விதத்தை மாற்றினால் அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். ஒரு துண்டுத் தாளில் ஐந்தாறு பேரின் மூன்று பெயர்களையும் எழுதி அடையாள அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுபதாம் பக்கத்துக்குமேல் அந்தத் தாள் தேவைப்படாது.

தமிழில் எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் திணறியவர்கள் அதில் முயன்று பாருங்கள். இன்னொன்று, ஆறு பாகங்களில் முதல் பாகத்தின் இறுதியிலேயே கொலை நடந்துவிடும். 'யார் செய்தது' என்ற கதை அல்ல இது. அந்த முதல் பாகத்தை மட்டும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், அதன்பின் நூல் உங்களை விடாது.

கடல்முள்

தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, டான் குவிக்ஸோட். நாயகன் பூதம் என்று நினைத்துக் காற்றாலையோடு மோதும் இடம் எல்லாருக்கும் தெரியும். அது எட்டாவது அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது, முதல் பாகத்தில் மட்டும் 52 அத்தியாயங்கள். பலரும் காற்றாலையோடு 'தெரிந்துவிட்டது' என்று மூடிவிடுகிறார்கள். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அதிசயமே. அங்கே வரும் மனிதர்கள் பத்தாண்டு முன்பு வந்த முதல் பாகத்தைப் படித்திருக்கிறார்கள்! நாயகனை அடையாளம் கண்டு பேசுகிறார்கள்.

நூலேணி

அதன் முடிவு என்னை உலுக்கிவிட்டது. சாகும் தறுவாயில் அவருக்குப் புத்தி தெளிந்துவிடுகிறது. தான் வீரனல்ல, சாதாரண அலோன்சோ என்கிறார். அதுவரை 'ஐயா, அது பூதமல்ல, காற்றாலை' என்று சொல்லிக்கொண்டே வந்த அவருடைய பணியாள் சாஞ்சோ, இப்போது அழுதுகொண்டு 'எழுந்திருங்கள், இடையர் வேடம் போட்டுக் காட்டுக்குப் போவோம்' என்று கெஞ்சுகிறான். அந்த மாற்றம் நடக்க இரண்டு பாகத்து அத்தியாயங்கள் 126-உம் வேண்டியிருக்கிறது. சுருக்கத்தில் படித்தால் ஒரு தகவலாகத்தான் மிஞ்சும்.

புதுஏடு, ஒன்றே ஒன்று எடுங்கள். என்னைப்போல ஒன்பது வேண்டாம். நாளுக்கு எவ்வளவு என்று வரம்பு வையுங்கள். தாண்டாதீர்கள்.

செவிவழி

நீண்ட நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு ஆறு ஆண்டுகளாக விழித்திரைப் பிரச்சினை. அச்செழுத்து இனி முடியாது என்று தெரிந்தபோது வாசிப்பு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒலிநூல் கேட்பதை வாசிப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கே மனம் வரவில்லை. யாரோ நமக்காகப் படித்துக்கொடுக்கும் இரவல் போல இருந்தது.

ஒடிஸியைக் கேட்டபோதுதான் அது மாறியது. விடியல் வரும்போதெல்லாம் ரோஜா விரல்கள் கொண்ட விடியல் என்றே வருகிறது. விருந்து என்றால் அதே வரிகள், கப்பல் ஏறினால் அதே வரிகள். முன்பு அச்சில் படித்தபோது இந்தத் திரும்பக் கூறல் எனக்குச் சலிப்பாக இருந்தது. காதில் கேட்டபோது அது மூச்சு வாங்கும் இடமாக இருந்தது. பாடுகிறவருக்கும் ஓய்வு, கேட்கிறவருக்கும் ஓய்வு. பிறகு தெரிந்துகொண்டேன், 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களின் நெடும்பாடல்களைப் பதிவு செய்திருக்கிறார். அவர்களும் இப்படி ஆயத்தச் சொற்றொடர்களைக் கோத்துக் கோத்துத்தான் பாடுகிற நேரத்திலேயே கதையைக் கட்டினார்கள். ஒடிஸி என்ற ஹோமர் கவிதையும் அந்த வழியில் வந்தது என்பதற்கு அது பெரிய சான்றானது.

இரவல் நான் அல்ல, அச்சில் படிப்பவர்கள்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது. மன்னியுங்கள், இதை உயர்வாகச் சொல்லவில்லை. அத்தனை ஆறுதலாக இருந்தது.

இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பும் ஒடிசியஸை, குப்பைமேட்டில் கிடக்கும் கிழட்டு நாய் ஆர்கோஸ் மட்டும் அடையாளம் கண்டு வாலை ஆட்டும் இடம் உண்டு. நெருங்கக்கூட அதற்குத் தெம்பில்லை. அவனும் வேடம் கலையக்கூடாது என்பதால் கண்ணீரை மறைத்துக்கொண்டு கடந்து போகிறான். நாய் செத்துவிடுகிறது. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி நான்கு முறை கேட்டேன்.

ஏட்டுவரி

செவிவழி, எழுதியதற்கு நன்றி. நீங்கள் இங்கே நிறைய எழுத வேண்டும். நம் பழம்பாடல்களும் ஓலையில் ஏறுமுன் நாவிலும் காதிலும் வாழ்ந்தவைதானே. குறுந்தொகை 401 பாடல்கள், எல்லாம் நான்கு முதல் எட்டு அடி வரை, ஓரிரு பாடல்கள் மட்டும் ஒன்பது. காலையில் ஒன்றை யாரையாவது இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள், நாள் முழுக்க உள்ளே ஓடும். ஓராண்டும் ஒரு மாதமும் வரும்.

நூலேணி, தாந்தேயை ஏன் விட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே?

நூலேணி

செவிவழி, உங்கள் பதிவுக்குப் பிறகு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ஆர்கோஸ் இடத்தை இன்று நானும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.

தாந்தே விஷயம். காரணம் இரண்டு. ஒன்று, அடிக்குறிப்புகள். மூன்று வரிக்கு ஒருமுறை ஃபிளாரன்ஸ் நகரத்து யாரோ ஒருவர், எந்தக் கட்சி, யாருக்குத் துரோகம் செய்தார் என்று கீழே பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு, தண்டனைகள். 34 பாடல்கள் வதையைப் படித்து மனம் கனத்துவிட்டது. கடைசி வரியில் தாந்தேயும் வழிகாட்டி வர்ஜிலும் வெளியே ஏறி வந்து விண்மீன்களைப் பார்க்கிறார்கள். எனக்கும் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

ஏட்டுவரி

நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

அந்த அடிக்குறிப்பு மனிதர்கள் வெறும் பெயர்கள் அல்ல. 1302-இல் தாந்தேயை ஊரைவிட்டு விரட்டினார்கள், திரும்பி வந்தால் எரித்துக் கொல்வோம் என்று தீர்ப்பு. 1321-இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவே இல்லை. அந்தப் பெயர்கள் அவருடைய அண்டை வீட்டார், நண்பர்கள், அவரை விரட்டியவர்கள். எல்லாரையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஊருக்குப் போக முடியாதவன் ஊர்க்காரர்களையெல்லாம் நினைவிலிருந்து வரிசையாக எழுப்புகிறான் என்பது தெரிந்தால் போதும், அடிக்குறிப்பைப் பார்க்காமலே படிக்கலாம்.

அதைவிட முக்கியம், இனிதான் வர்ஜில். நரகத்தில் உங்களோடு வந்த வழிகாட்டியை நீங்கள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அடுத்த பகுதி 33 பாடல்கள், பாவம் கழுவும் தூய்மை மலை. ஒளி, கடல், பாட்டு, நண்பர்கள் எல்லாம் இருக்கிறது, மனம் கனக்காது. நாளுக்கு ஒன்றாக எடுங்கள். உங்கள் முறைதானே. முப்பதாம் பாடல் வந்ததும் இங்கே எழுதுங்கள். அதற்கு முன் யாரும் எதையும் சொல்லிவிடாதீர்கள்.

பின்னிரவு

ஏட்டுவரி கேட்டுக்கொண்டபடி நானும் வாய் திறக்க மாட்டேன். எனக்கு அந்தப் பாடல் தெரியும்.

சவால்கள் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் வரம்பு பற்றித் தாழ்வாரம் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்னா கரீனினா எட்டுப் பாகங்கள். 1875 ஜனவரி முதல் 1877 வரை தொடராக வந்தது. எட்டாம் பாகத்தில் இருந்த கருத்துகள் பிடிக்காமல் பத்திரிகை ஆசிரியர் அதைப் போட மறுத்தார், டால்ஸ்டாய் தனியாக அச்சிட்டார். நான் தள்ளி வைத்த அந்த நூலை நேற்றிரவு எடுத்து வைத்தேன். எத்தனை நாளில் என்று முடிவு செய்யவில்லை.

புதுஏடு

சாளரம் அவர்களே, தாளில் எழுதி வைத்துப் படிக்கிறேன். இன்று 92-ஆம் பக்கம்!

நூலேணி

ஒரு மாதமாகிறது. தினமும் ஒரு பாடல், அடிக்குறிப்பு பார்க்காமல். இன்று முப்பது.

தாந்தே இளமையிலிருந்து நேசித்த பியாட்ரிஸ் வருகிறாள். தாந்தேக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. பயந்த குழந்தை அம்மாவிடம் ஓடுவதுபோல் வர்ஜிலிடம் சொல்லத் திரும்புகிறான். வர்ஜில் இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, அவர் எப்போது போனார் என்று பின்னால் புரட்டிப் பார்த்தேன். கடைசியாகப் பேசியது 27-ஆம் பாடலின் முடிவில். இனி என் சொல்லையோ சைகையையோ எதிர்பார்க்காதே, உனக்கு நீயே அரசன் என்ற பொருளில் சொல்கிறார். 28-இல் கூடவே வருகிறார், தாந்தே திரும்பிப் பார்க்கும்போது சிரிக்கிறார். 29-இல் தாந்தே வியந்து அவர் பக்கம் திரும்பும்போது அவரும் அதே வியப்போடு பார்க்கிறார். ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அந்த மூன்று நாளும் என் நோட்டில் எழுதிய வரிகளைப் பார்த்தேன். ஆறு, பூப்பறிக்கும் பெண், ஏழு விளக்குகள். வர்ஜிலைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்.

நாளை 31.